ஒரு ரன்கூடத் தேவையில்லை

விலா எலும்பில் பந்து விழுகிற சத்தம் தனி. மட்டையில் பட்டால் டக்கென்று கேட்கும். தொடைக் காப்பில் பட்டால் தலையணையை அடித்த மாதிரி இருக்கும். விலாவில் விழுந்தால் பெரிதாகச் சத்தமே வராது. அடி வாங்கியவரின் வாயிலிருந்து காற்று வெளியே வரும், அவ்வளவுதான்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிசியோவுக்கு, எழுபது கஜத்துக்கு அப்பாலிருந்து அந்தக் காற்று கேட்டது. கேட்டிருக்க வழியே இல்லை. ஆனாலும் கேட்டது. எழுந்து ஓடினாள்.

முழங்காலிட்டுக் கிடந்தவர் அவள் கணவர். பந்தைப் போட்டவன் அவள் தம்பி.

வாரம் தவறாமல் இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம்.

தம்பிக்கு மைதானத்தில் 'எஞ்சின்' என்று பெயர். நாட்டு அணிக்காக ஒன்பது வருஷம் வேகப்பந்து போட்டவன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தின் நடுவில், தொண்ணூற்றெட்டு விக்கெட்டோடு அவனை விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் கீறல் இருக்கிறது, அதை மறைத்து வலி ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான் என்று யாரோ கிரிக்கெட் போர்டுக்குச் சொல்லிவிட்டார்கள். நூறுக்கு இன்னும் இரண்டே விக்கெட். அதற்கப்புறம் அவனை யாரும் கூப்பிடவில்லை. முதுகு ஆறியதும் கிளப்புக்கு மட்டும் ஆடுகிறான்.

சொன்னது அத்தான்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அதே அணியில், அதே அறையில் தங்கியிருந்தவர் அவர். 'நீங்கதானே?' என்று கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. எந்தப் பந்து வந்தாலும் மட்டையைக் கட்டையாக நட்டு நிறுத்துகிறவர் என்பதால் அவருக்குக் 'கட்டை' என்று பெயர். அந்தக் கேள்விக்கும் கட்டைதான் போட்டார். அந்த மௌனத்தால் அவருக்கும் மூன்றே டெஸ்ட்டோடு நாட்டு அணி முடிந்துபோயிற்று. கூட இருந்தவனைப் போட்டுக்கொடுத்த ஆளோடு யார் அறையைப் பகிர்ந்துகொள்வார்கள்?

போர்டுக்குப் போன் போட்டுச் சொன்னது அவர் இல்லை. பிசியோதான். தம்பியின் சொந்த அக்கா. அது அவளுக்கும் கணவருக்கும் மட்டும் தெரியும்.

இன்றைக்கு இருவரின் கிளப்புகளும் கோப்பைக்காக மோதும் ஆட்டத்தின் நான்காம் நாள், கடைசி நாள். பிசியோ வேலை பார்க்கும் கணவரின் கிளப் முதல் இன்னிங்ஸில் முந்திவிட்டதால், அதற்கு ஒரு ரன்கூடத் தேவையில்லை. மாலைவரை ஆல் அவுட் ஆகாமல் நின்றால் போதும், கோப்பை அவர்களுக்கு. காலையிலிருந்து ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். மாடியில் கண்ணாடி அறையில் நாட்டு அணியின் தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினைத் திரும்ப எடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்.

இனி மைதானத்துக்குப் போவோம்.

"எங்க பட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"மூச்சை இழுங்க."

இழுத்தார். பாதியிலேயே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உடைஞ்சிருக்கு."

"கீறியிருக்கும்."

"நீங்க படிச்சவரா, நான் படிச்சவளா?"

"நீதான். பிளாஸ்திரியை ஒட்டிட்டுப் போ. நான் ஆடணும்."

சட்டையைத் தூக்கினாள். இடது பக்கத்தில் நாலு இடத்தில் பந்தின் தையல் பதிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, நீலமும் சிவப்புமாக. தலைக்கு எழும்பும் பவுன்சரை ஒரு ஓவருக்கு இரண்டுதான் போடலாம் என்று விதி. மிச்ச நாலையும் விலாவுக்குப் போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

தம்பி பத்தடி தள்ளி இடுப்பில் கை வைத்து நின்றான். "என்ன அத்தான், போட்டுக்கொடுக்கிற வாய்தானே அது? இப்ப சத்தமே வரமாட்டேங்குது?"

"வாயை மூடுடா," என்றாள் அவள், திரும்பாமலே.

"நீ உன் வேலையைப் பாருக்கா. நான் என் வேலையைப் பாக்கறேன்."

அம்பயர் நடுவில் வந்தார். "உங்க வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்குங்கப்பா. நான் இன்னும் நாப்பது ஓவர் நிக்கணும்."

ஸ்லிப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதிது. சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு அவள் பின்னால் வந்து ஒளிந்துகொள்கிறவன் இப்படிச் சிரித்ததில்லை.

பிளாஸ்திரியை ஒட்டும்போது கணவரின் காதருகே சொன்னாள். "நான் அவன்கிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம்."

"உங்களைக் கொன்னுடுவான்."

"கொன்னாலும் அவுட் ஆக மாட்டேன். தள்ளு."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

டீ இடைவேளைக்கு முந்தைய ஓவரில் அது நடந்தது.

எஞ்சின் நீண்ட தூரத்திலிருந்து ஓடி வந்தான். கால் ஒவ்வொன்றும் தரையில் ஆணி அடிப்பது போல விழுந்தது. பந்து பாதியில் குத்தி எழும்பியது. கணவர் குனியப் பார்த்தார். உடைந்த விலா குனிய விடவில்லை.

ஹெல்மெட்டின் முன்கம்பி உள்ளே மடங்கியது. அவர் பின்பக்கமாகச் சாய்ந்து, ஸ்டம்பை இடிக்காமல் பக்கவாட்டில் விழுந்தார். விழும்போதுகூட விக்கெட்டைக் காப்பாற்றினார் என்று கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது புருவத்திலிருந்து ரத்தம் காது வழியாகப் புல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பி புருவத்தைக் கிழித்திருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

சொன்னார்.

"ஸ்கோர்?"

அதையும் சொன்னார். ஏழு விக்கெட், நூற்று எழுபத்தொன்று.

"வெளியே வாங்க. போதும்."

"என்னை வெளியே கூட்டிட்டுப் போனே, உன்னை நான் மன்னிக்க மாட்டேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் விரலால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். விரலுக்கடியில் அவர் நாடி துடித்தது. தலையில் அடிபட்டவரை ஆடவிடக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம். 'ஆடலாம்' என்று அம்பயரிடம் தலையாட்டினாள்.

அவள் செய்த தப்பு அது. அப்போதே அவளுக்குத் தெரியும்.

தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டே நடந்தான். பந்தில் ஒட்டியிருந்த ரத்தம் அவன் வெள்ளைக் கால்சட்டையில் கோடாக இழுத்தது.

டீ இடைவேளையில் கணவரின் புருவத்தை ஒட்டி மூடிவிட்டு, "பஞ்சு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்தாள். நேராக எதிரணியின் டிரஸ்ஸிங் ரூமுக்குப் போய்க் கதவைத் தள்ளினாள்.

வேர்வையும் தைல வாடையும் முகத்தில் அடித்தது. உள்ளே இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க."

"இது எங்க ரூம்," என்றார் அவர்கள் கேப்டன்.

தம்பி பெஞ்சில் படுத்திருந்தான். கண் திறக்காமலே கையை ஆட்டினான். "போங்கடா. எங்கக்கா ஒரு முடிவோட வந்திருக்கா."

கதவு சாத்தியதும் அவனை எழுப்பி உட்கார வைத்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் தலை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது.

"வலிக்கவே இல்ல," என்றான். "இன்னொண்ணு குடு."

"அவரை விட்டுடுடா. அவர் இல்ல. நான்தான்."

"என்ன நீதான்?"

"போர்டு டாக்டருக்குப் போன் பண்ணினது நான்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்துத் தடவிக்கொண்டான். "புருஷன் செத்துடுவான்னு பயந்து பொய் சொல்ற. சரி, போ. நான் நினைச்சபடிதான் போடுவேன்."

"டூருக்கு நடுவுல ரெண்டு நாள் வீட்டுக்கு வந்தே. நீ குளிக்கப் போனப்ப உன் பை திறந்திருந்துச்சு. ஸ்கேன் கவர் உன் பேர்ல இல்ல. வேற யாரோ பேரு. வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருந்துச்சு."

கன்னத்தைத் தடவிய கை நின்றது.

"அறுபத்தொரு வயசுக்காரருக்கு அப்படி எலும்பு இருக்காதுடா. பார்த்ததுமே உன் முதுகுன்னு தெரிஞ்சுபோச்சு. கீழேருந்து ரெண்டாவது எலும்பு, இடது பக்கம். முடி கனத்துக்கு ஒரு கோடு. இன்னும் ஒரு மேட்ச் ஆடியிருந்தா ரெண்டாப் போயிருக்கும்."

"அந்தக் கவரை நான் வீட்டுலயே கிழிச்சுட்டேனே," என்றான் மெதுவாக. "அத்தான் அதைப் பார்த்ததே இல்ல."

"ஆமாம்."

அவன் எழுந்தான். முதலில் ஐஸ் தொட்டியைக் காலால் உதைத்தான். ஐஸும் தண்ணீரும் அறை முழுக்கச் சிதறின. சுவரோரம் சாய்த்திருந்த மட்டை ஒன்றை எடுத்தான். முகம் பார்க்கும் கண்ணாடி போயிற்று. கைகழுவும் தொட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்து நொறுக்கினான். குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

"தொண்ணூத்தெட்டுடி!" என்று கத்தினான். "இன்னும் ரெண்டு! ரெண்டேதான்டி!"

அக்காவை அவன் 'டி' போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். ஓடவில்லை. மட்டை அவள் தலைக்கு மேலே ஏறியது. அவன் கண்ணில் யாரையும் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மட்டை இறங்கியது. அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி, பலகை அலமாரியில் புகுந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. மரச் சிம்பு ஒன்று அவள் கழுத்தில் கீறியது.

"நீ படுத்த படுக்கையாக் கிடந்து நான் உனக்குப் பீ மூத்திரம் அள்ளணுமா, இல்ல நீ தொண்ணூத்தெட்டோட நடந்து போகணுமா? எனக்கு நீ நடந்தாப் போதும்னு தோணிச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா ஊசியை நிறுத்தியிருப்பியா?"

அவன் மட்டைப் பிடியை விட்டான்.

"சரி, அப்புறமாவது ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்குப் பயம்?"

அவள் அறையைச் சுற்றிக் கை காட்டினாள். "இதோ. இதுக்குத்தான்."

அவன் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்ததை அவள் குனிந்து எடுத்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

"அத்தான் ஏன்க்கா வாயே திறக்கல? மூணு வருஷமா?"

"உனக்கு வீடுன்னு இருக்கிறது எங்க வீடு ஒண்ணுதான். அக்காவும் இல்லாமப் போனா எங்கே போவான்னு சொன்னார்."

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வெளியே மணி அடித்தது. போகும்போது கதவில் நின்று, "அவர் புருவம் எப்படி இருக்கு?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

டீக்கு அப்புறம் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எஞ்சினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள். பவுன்சர் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பந்தும் காலடியில், ஸ்டம்பைப் பார்த்தே வந்தது. வேகம் மட்டும் குறையவில்லை. எதிர்ப்பக்கத்தில் வந்தவர்கள் இரண்டு பேரின் ஸ்டம்பையும் பெயர்த்து எறிந்தான். ஒரு ஸ்டம்பு விக்கெட் கீப்பர் வரை உருண்டு போயிற்று. மாடியில் தேர்வாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கணவருக்குக் காரணம் தெரியாது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்ற கண்ணால் பார்த்துப் பார்த்துத் தடுத்தார். ஒவ்வொரு தடுப்புக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஓவர் வந்தது. ஒன்பது விக்கெட் போயாயிற்று. ஆறு பந்து. பந்து எஞ்சின் கையில், மட்டை கட்டை கையில்.

முதல் பந்து காலடியில் விழுந்தது. தடுத்தார். போட்ட வேகத்தில் தம்பி அவர் அருகே வரைக்கும் வந்துவிட்டான். நின்று, தலையைக் குனிந்து, என்னவோ சொன்னான். எல்லைக் கோட்டிலிருந்து அவளுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. நாலு வார்த்தை இருக்கும். திரும்பி நடந்தபோது அவன் தோள் லேசாக இருந்தது. சின்னப் பையன் மாதிரி பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே போனான்.

அப்பாடா என்று அவள் பெட்டியை மூடி வைத்தாள்.

இரண்டாவது பந்தும் காலடிக்கு வந்தது. கணவர் தடுக்கவில்லை.

முன்கால் நீண்டது. மட்டை பின்னாலிருந்து முழுசாகச் சுழன்று வந்தது. அந்த மட்டை அப்படிச் சுழன்று யாரும் பார்த்ததில்லை. பந்து வந்த வழியிலேயே, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போயிற்று.

தம்பி குனிந்த நிலையில் இருந்தான். கையைத் தூக்கக்கூட நேரமில்லை.

காய்ந்த கிளையை முறிக்கிற சத்தம். அவன் முகம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று திரும்பி, முகம் குப்புற ஆடுகளத்தில் விழுந்தான். கை கால் அசையவில்லை.

அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவனைப் பக்கவாட்டில் புரட்டினாள். வாய் நிறைய ரத்தம். விரலைவிட்டு வழித்து எடுத்தாள். இரண்டு பல் அவள் உள்ளங்கைக்கு வந்தது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்து தொங்கியது.

"டேய். டேய், என்னைப் பாரு."

பத்து எண்ணுகிற நேரம் அவன் பார்க்கவில்லை. பிறகு கண் திறந்தது. அக்கா என்று தெரிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எலும்பு நொறுங்கும்போல இருந்தது.

மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். ஒரு துண்டை வாங்கித் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். பிறகு பந்துக்காகக் கையை நீட்டினான்.

"அவன் போடறேங்கறான்," என்றார் அவர்கள் கேப்டன். குரலில் பெருமை. "இன்னும் நாலே பந்து. விட்டுடுங்க."

அந்த அணிக்கு மசாஜ் செய்கிறவர் ஒருவர்தான் உண்டு. மைதானத்தில் படித்த பிசியோ அவள் மட்டும்தான். அம்பயர் அவளைத்தான் பார்த்தார்.

"போடக் கூடாது," என்றாள்.

"ஓஹோ!" கேப்டன் இரண்டு அடி முன்னால் வந்தார். "வீட்டுக்காரரைக் காப்பாத்தறீங்களா? டீக்கு முன்னாடி அவருக்கும்தான் தலைல அடி பட்டுச்சு. அப்ப மட்டும் ஆட விட்டீங்க?"

கணவர் பத்தடியில் மட்டையை ஊன்றி நின்றார். பக்கத்தில் வரவில்லை.

"அது நான் பண்ணின தப்பு," என்றாள். "அதையும் எழுதிக்குங்க. இவன் நினைவு தப்பி விழுந்தான். தாடை உடைஞ்சிருக்கு. இனிமே ஒரு பந்துகூடப் போடக் கூடாது. சொல்றது நான். என் பேரைப் போட்டே எழுதிக்குங்க."

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். மாடியில் தேர்வாளர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கட்டிய துண்டுக்கு நடுவில் அவன் தொண்டையிலிருந்து உறுமல் மாதிரி ஒன்று வந்தது. எழுந்து நின்று, கேப்டன் கையிலிருந்த பந்தைப் பிடுங்கி ஓங்கி வீசினான். நடு ஸ்டம்பு பாதியில் முறிந்து பறந்தது. பிறகு அவள் மேலேயே சாய்ந்தான்.

மிச்ச நாலு பந்தை வேறொருவன் போட்டான். புது ஸ்டம்பு நட்டுத்தான் போட வேண்டியிருந்தது. கணவர் நாலையும் கட்டை போட்டார். ஆட்டம் டிரா. கோப்பை அவர் கிளப்புக்கு.

கூச்சல் கீழே கேட்டுக்கொண்டிருக்க, மாடியிலிருந்த சிகிச்சை அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தம்பியைத் தூக்குக் கட்டிலில் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்கு அனுப்பிவிட்டு, பையை எடுக்க வந்தவள் அவரைப் பார்த்ததும் நின்றாள். சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, விலாவில் புதுப் பட்டையை ஒட்ட ஆரம்பித்தாள். கை தானாக வேலை செய்தது.

"ஒரு ரன்னும் வேண்டியதில்ல," என்றாள். "அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

"வாட்டமா வந்துச்சு."

"டீக்கு அப்புறம் எல்லாமே வாட்டமாத்தான் வந்துச்சு. நான் அவன்கிட்ட சொல்லிட்டேன். அதனாலதான் அவன் உடம்புக்குப் போடறதை நிறுத்தினான். உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்."

அவள் கை நின்றது.

"முதல் பந்து போட்டுட்டு கிட்ட வந்தானே, அப்பச் சொன்னான். 'அத்தான், மன்னிச்சுக்குங்க. அக்கா சொல்லிட்டா.'" அவர் மூடாத கண்ணால் சுவரைப் பார்த்தார். "நாலு வார்த்தை. அவனுக்கு முடிஞ்சுபோச்சு. பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடிக்கிட்டே போறான். மூணு வருஷமா நான் உள்ளே நுழைஞ்சா பேச்சு நின்னுடும். எவனும் என் பக்கத்து நாற்காலில உக்கார மாட்டான். காலையிலேருந்து ஆறு தடவை என் விலால குத்தினான். நாலு வார்த்தைல எல்லாம் தீர்ந்துடுமா?"

"அதனால?"

"தலைக்குத்தான் அடிச்சேன்."

"குறி வெச்சு அப்படியெல்லாம் அடிக்க முடியுமா?" அவள் குரல் கெஞ்சியது. முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் போதும்.

"பதினஞ்சு வருஷமா ஒரே நேர்மட்டையைத்தான் பழகறேன். பந்து எங்கே போகும்னு எனக்குத் தெரியாதா?"

கீழே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள்.

"கோபம் அவன் மேலயா," என்று கேட்டாள், "என் மேலயா?"

அவள் பட்டையின் மிச்சத்தைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்தபடி நின்றது. "எவ்வளவு சொல்லியும் கிளம்ப விடமாட்டேங்கறாரும்மா," என்றார் உள்ளே இருந்த நர்ஸ். "உங்களைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டறார்."

தம்பி கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தான். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. முகம் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. பேச முடியாததால் போனை எடுத்து, ரத்தம் காய்ந்த கட்டைவிரலால் அடித்து அவள் பக்கம் திருப்பினான்.

'என்னை நிறுத்தினதுக்கு உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்.'

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வெச்சுக்கோடா."

மறுபடி அடித்தான்.

'அத்தானுக்கு விலா உடைஞ்சிருக்கா?'

அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் அடித்தான்.

'அவர் தப்பு இல்லை. நான் கைதூக்கியிருக்கணும். அவரையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் ஒரே எக்ஸ்ரே ஆளு போதும்.'

"கதவைச் சாத்தலாமா?" என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டார்.

அவள் திரும்பினாள். பெவிலியன் படிகளில் கணவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். வெற்று மார்பில் பாதி ஒட்டிய பட்டை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. முகத்தில் என்ன இருக்கிறது என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

தம்பியும் அவரைப் பார்த்துவிட்டான். கட்டிலின் விளிம்பைப் பிடித்து உடம்பை இழுத்து நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டான்.